தம்பி போன பிறகு வந்த தூக்கம்

சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது அடுக்குத் துணியை விரித்து, மேலே கோடு போட்டு, மெஷின் கத்தியை ஓட்டினாள் என்றால் சட்டைக் கைக்கான அறுபது துண்டும் அச்சில் வார்த்தது போல வந்து விழும். பதினாறு வருடத்தில் ஒரு துண்டுகூட வீணானதில்லை.

தம்பிக்குக் கல்லீரல் கெட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றதால் அவன் மனைவி இருந்தாள். அக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னாள்: "எப்ப வேணாலும் கூப்பிடுவோம். போனைப் பக்கத்துலயே வச்சிருங்க."

அந்த ஒரு வார்த்தை அவள் தூக்கத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வெந்நீரில் கால் வைத்துப் பார்த்தாள். சூடாகப் பால் குடித்தாள். ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினாள். தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் தம்பியின் மஞ்சள் பூத்த கண்கள் வந்து நிற்கும். பக்கத்தில் கணவர், தலையணையில் தலை படுவதற்குமுன் குறட்டை விடுகிற பாக்கியசாலி. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவரை உலுக்கினாள்.

"இன்னைக்கு நீங்க போனைப் பாத்துக்கங்க. நான் கொஞ்சம் கண்ணசர்றேன்."

"அதுக்கென்ன, தூங்கு" என்று போனை மடியில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். பத்தே நிமிடம். உட்கார்ந்தபடியே குறட்டை. அவள் போனை மெல்ல எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் நாள் கத்தி கோட்டை விட்டு விலகியது. அறுபது சட்டைக் கைகளும் பாழ். சூப்பர்வைசர் அவளைவிட வயதில் சின்னவன். துணியைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைத்தான் பார்த்தான்.

"துணி போனா போகுதுக்கா. விரல் போயிருந்தா? கொஞ்ச நாளைக்குப் பட்டன் செக்‌ஷன்ல உக்காருங்க. டாக்டரையும் போய்ப் பாருங்க."

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "போனை வேற ரூம்ல வச்சுட்டுப் படுங்கம்மா. அடிச்சா கேக்கும்."

வைத்தாள். அன்று இரவு முழுவதும் அந்த அறையின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாள் கழித்து, பட்டப்பகலில், பட்டன் பெட்டிகளுக்கு நடுவே போன் அடித்தது. தம்பி மனைவி "அண்ணி" என்றாள். அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து வீடு திரும்பி, சுவரோரமாகச் சாய்ந்தவள்தான். கண் விழித்தபோது அடுத்த நாள் மதியம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"எழுப்பக் கூடாதா?" என்று கணவரிடம் பாய்ந்தாள்.

"இத்தனை நாள் கழிச்சுத் தூங்குறவள எப்படி எழுப்புறது? எனக்கு மனசு வரல."

அன்றும் தூக்கம் வந்தது. அடுத்த நாளும். அடித்துப் போட்டாற்போன்ற, கனவுகூட இல்லாத தூக்கம். ஒவ்வொரு காலையும் ஏதோ திருடிவிட்டவள் போல எழுந்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி அவனுடைய சட்டைகளைக் கட்டிலில் குவித்து வைத்துக்கொண்டு, எதையும் மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"உயிரோட இருந்த வரைக்கும் ஒரு பொட்டுத் தூக்கமில்ல. அவன் போனதும் வந்துடுச்சு. அப்ப நான் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேனா?"

தம்பி மனைவி ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல அண்ணி. ஆனா கடைசி வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து, எதுவா இருந்தாலும் சீக்கிரம் முடிஞ்சுடட்டும்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் போயிட்டார். இதை யார்கிட்டயும் சொல்லல."

"நீ நெனச்சதாலயா போனான்? பைத்தியம். உடம்பு தாங்கல, மனசு அப்படிக் கேட்டுடுச்சு. அவ்வளவுதான்" என்று அக்கா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தம்பி மனைவிக்குச் சொல்ல அந்த வார்த்தை உடனே வந்தது. தனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் வாய் எழவில்லை. இருவரும் அழுதார்கள். பிறகு சட்டைகளை மடித்தார்கள்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் அவளை மறுபடி கட்டிங் மேசைக்கு அனுப்பினான். கத்தி கோடு தவறவில்லை.

"இப்ப நல்லாத் தூங்குறீங்களாக்கா?" என்று வேலை செய்கிற பெண்கள் அக்கறையாகக் கேட்பார்கள்.

"தூங்குறேன்" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.