ஒகித்சுருவின் இயந்திரம் நின்ற கதை

ஒகித்சுரு என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் அரசுக்குப் பணியாற்றியது. பெயருக்குத் தொலைகடல் நாரை என்று பொருள். அதற்கு மூன்று பாய்மரங்களும் ஒரு நீராவி இயந்திரமும் இருந்தன. காற்று வீசினால் புகைபோக்கியைத் தாழ்த்திவிட்டுப் பாய் விரிக்கும். காற்று ஓய்ந்தால் நிலக்கரி எரிக்கும். ஒருமுறை போருக்குப் புறப்பட்டது. போய்ச் சேர்வதற்குள் போர் முடிந்துவிட்டது. அதன் பிறகு கடலின் ஆழத்தை அளந்தது. ஒரு தூதரை ஏற்றிச் சென்று இறக்கியது. பீரங்கிகள் மரியாதை செலுத்த மட்டுமே முழங்கின. நடுக்கடலில் இயந்திரம் உடைந்தபோது பாயை மட்டும் நம்பித் துறைமுகம் திரும்பியது. இறுதியில் கரையோரம் கட்டப்பட்டு, கிடங்காகி, ஓய்ந்தது.

பாயை மட்டும் நம்பித் திரும்பியது என்பதை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பேராசிரியர் கெஸ்ட்னர் ஏற்கவில்லை.

"இயந்திரம் உடைந்தால் புரொப்பெல்லர் சுற்றாது. சுற்றாத புரொப்பெல்லர் கப்பலைப் பின்னால் இழுக்கும். அந்தச் சிறிய பாய்களால் அதை மீற முடியாது" என்பது அவர் கருத்து.

முடியும் என்பது அவருடைய ஆய்வு மாணவர் உமாபதியின் கருத்து. 1967ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஆய்வுக்கூடத் தொட்டியில் மாதிரிக் கப்பலை விட்டு அதை அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மெய்ப்பித்தால் உதவித்தொகை இன்னோர் ஆண்டு நீளும். இல்லையேல் கும்பகோணத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். ஒத்திகைகளில் அவர் புரொப்பெல்லரை நீரில் தானே சுழலும்படி தளரவிட்டே ஓட்டிப் பார்த்திருந்தார். அதைப் பூட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

சோதனைக்கு முந்தைய நாள் சரஸ்வதி பூஜை. விடுதியின் பொதுச் சமையலறையில் தமிழ் மாணவர்கள் புத்தகங்களையும் ஒரு தட்டச்சுப் பொறியையும் அடுக்கினார்கள். நடுவில் கப்பல் அமர்ந்தது. வேதியியல் ஆய்வாளரான கனகவல்லி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். கப்பலுக்குக் கூடுதலாகவே இட்டார்.

மறுநாள் காலை கப்பல் நேரே பூஜையிலிருந்து தொட்டிக்குச் சென்றது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துவதற்காக உமாபதி மோட்டாரை முடுக்கினார். அது முனகியது, புரொப்பெல்லர் அசையவில்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கனகவல்லியிடம் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "புரொப்பெல்லர் ஷாஃப்ட்லயுமா சந்தனம் வெச்சீங்க?"

"அதுதானே முக்கியமான பார்ட்."

"காஞ்சா உதிரணுமே. இது கல்லு மாதிரி இருக்கு."

"ரூம் ஹீட்டர் சூட்டுல காஞ்சு உதிர்ந்துடுமேன்னு லேப் பசை கொஞ்சம் கலந்தேன். தண்ணியில கரையாது. நல்ல குவாலிட்டி."

"என் டிக்கெட்டுக்கும் நீங்களே குவாலிட்டியா ஏற்பாடு பண்ணிடுங்க."

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உடைந்த நிலையிலிருந்தே தொடங்குகிறீர்கள். நல்லது. காற்று வரட்டும்."

வேறு வழியில்லாமல் உமாபதி மின்விசிறியைப் போட்டார். பாய்கள் புடைத்தன. கப்பல் நின்றது. மேலும் நின்றது. பிறகு, யாரோ அழைத்ததை நினைத்துக்கொண்டாற்போல், நகர்ந்தது. பேராசிரியர் தொட்டியின் ஓரமாக அதனுடனேயே நடந்தார். நத்தையுடன் நடப்பவர்போல் அடிக்கடி நின்று காத்திருந்தார். மறுமுனைச் சுவரில் கப்பல் மூக்கை இடித்தது.

அவர் குனிந்து புரொப்பெல்லரை விரலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"எதைக்கொண்டு பூட்டினீர்கள்?"

"சந்தனம், ஐயா. நான் பூட்டவில்லை. பூஜையில் இட்டது, இறுகிவிட்டது. தளர்த்தி ஓட்டவே எண்ணியிருந்தேன்."

பேராசிரியர் நிமிர்ந்தார். "ஒகித்சுருவின் கேப்டனும் இயந்திரத்தை வேண்டுமென்று உடைக்கவில்லை" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "இந்தச் சந்தன முறையை உங்கள் நாட்டில் அடிக்கடி கையாள்வீர்களா?"

"ஆண்டுக்கு ஒருமுறை, ஐயா."

அவர் அதையும் குறித்துக்கொண்டு, உதவித்தொகை நீட்டிப்பில் கையெழுத்திட்டார்.

திரும்பும் வழியில், மடியில் கப்பலை வைத்தபடி டிராமில் அமர்ந்திருந்த உமாபதியிடம் கனகவல்லி சொன்னார்: "அடுத்த வருஷமும் நானே வெக்கறேன்."

"வைங்க. புஸ்தகத்துக்கு மட்டும்."