முந்திச் சொல்ல ஒரு சேதி

பெர்மெத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. நல்ல சேதி எதையும் அவள் முந்திச் சொன்னதே கிடையாது. அவள் ஊரான நாரினில் நல்ல சேதியோடு ஓடிவருகிறவர் "சுயுன்ச்சு!" என்று கத்துவார், கேட்டவர் கைக்குக் கிடைத்ததைப் பரிசாகக் கொடுத்தாக வேண்டும். இவளுக்குக் குழந்தை பிறந்ததைக்கூட, ஆஸ்பத்திரி வாசலில் சூரியகாந்தி விதை விற்றவள்தான் இவள் புருஷனிடம் ஓடிப்போய்ச் சொல்லி, அவன் புதுத் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் குழந்தை பெகாயிமுக்கு இப்போது பதினைந்து வயது ஆகப்போகிறது. பிஷ்கெக் இசைப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்த சேதி பெர்மெத்தின் போனுக்குத்தான் வந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவுகட்டினாள். பிறந்தநாளன்று மகளைத் தெருத் தெருவாகத் துப்புத் தேட வைத்து, கடைசியில் தன் வாயால் சொல்ல வேண்டும். கம்பளப் பூவேலையை வைத்தே ரகசிய எழுத்து உண்டாக்கினாள்: ஆட்டுக்கொம்பு ஓர் எழுத்து, நாய்வால் ஓர் எழுத்து, காக்காய்க்கால் ஓர் எழுத்து. உளவுத்துறைக்காரன் பார்த்தால் ராஜினாமா செய்திருப்பான்.

துப்பு எழுதிய சீட்டுகளை ஆளுக்கொன்றாக ஒப்படைக்கப் போனபோதுதான் வினை.

"எதுக்குடி இந்தக் கூத்து?" என்றாள் பக்கத்து வீட்டுப் புருல் அக்கா.

"உங்களுக்கு மட்டும் சொல்றேன்க்கா. சுயுன்ச்சு!"

ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாம் கிடைத்தது. முந்திச் சொல்வதன் ருசி அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. ரொட்டிக்கடை தாலாயிடமும் 'உனக்கு மட்டும்' என்றாள். சுடச்சுட ஒரு ரொட்டி. புருஷன் எர்கினுக்கும் மட்டும்தான். எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள், பரிசையும் வாங்கினாள். இதெல்லாம் சும்மா, மகளிடம் சொல்வதுதான் உண்மையான சேதி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பிறந்தநாள் காலையில் பெகாயிம் சீட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தபடி முன்னால் போனாள். பெர்மெத் பெருமையோடு பின்னால் நடந்தாள். புருல் அக்கா அடுத்த சீட்டை நீட்டினாள். அவள் கழுத்தில் பெகாயிமின் சிவப்பு மஃப்ளர்.

"பொண்ணு ஆசையா குடுத்தா," என்றாள் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு.

ரொட்டிக்கடையில் தாலாயின் காதில் பெகாயிமின் ஹெட்போன்.

"ஏன்டா, இது யாருது?"

"காது குளிருதுக்கா!"

பெர்மெத் நடையை எட்டிப் போட்டாள். கடைசித் துப்பு அவர்கள் வீட்டுக் கொட்டகையில். அங்கே எர்கின் சீட்டோடு நின்றான். காலில் மகளின் ரோஸ் சாக்ஸ், குதிகால்வரைகூட ஏறவில்லை.

"நீங்களுமா?"

"நான்தான் அவகிட்ட முதல்ல சொன்னேன்," என்றான் அவன், கொஞ்சம் பெருமையாகவே.

பெர்மெத் அப்படியே விறகின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பெகாயிம் மட்டும் கர்மசிரத்தையாகக் கொம்பையும் வாலையும் கூட்டிப் படித்தாள்: 'அம்மாவைக் கேள்.'

"கேக்குறேன்மா. சொல்லு."

"அதான் ஊரே சொல்லிடுச்சே!"

"நீ இன்னும் சொல்லலையே."

"சுயுன்ச்சு," என்றாள் பெர்மெத். பாதிக்குரல்தான் வந்தது.

பெகாயிம் கையிலிருந்த வெள்ளி வளையலைக் கழற்றினாள். "இதைக் கேக்காத ஆளே இல்ல. யாருக்கும் தரலை. உனக்குன்னு வச்சிருந்தேன்."

பெர்மெத் அதை மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, போன் மணி அடித்ததிலிருந்து ஆரம்பித்து முழுச் சேதியையும் சொன்னாள். பெகாயிம் வாயைப் பொத்திக்கொண்டு, "நிஜமாவா!" என்றாள். ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி மகளுக்கு அந்த வார்த்தை நன்றாகப் பழகியிருந்தது. கூடவே வந்த அழுகை மட்டும் புதுசு.