சாக்கடை வீட்டுக் கீரை

தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் கடைசி வீட்டை யாரும் கேட்டு வாங்கியதில்லை. எல்லா வீட்டிலும் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் பின்பக்கக் கால்வாயில் ஓடி அங்கேதான் போய்த் தேங்கி நாறும். புதிதாக வந்த முருகையா, அவன் பெண்டாட்டி பஞ்சாலை இருவர் தலையிலும் அதைக் கட்டினார்கள். சாக்கடை வீடு என்று நாங்கள் பெயரும் வைத்தோம். கேலி செய்ய எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்தான், அரிசி போயிற்று. அடுத்த வருஷம் மழையும் பொய்த்தது. எங்கள் மரவள்ளியெல்லாம் வாடி நிற்கையில் முருகையா அந்தக் கால்வாய் முனையிலிருந்து வாய்க்கால் வெட்டினான். கசடு தங்க ஒரு குழி, அதைத் தாண்டிப் பாத்திகள். புக்கிட் பெலண்டோக் வட்டாரமே காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் கீரையும் பூசணியும் பச்சைப் பசேலென்று தழைத்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டு போன நாங்கள் நின்று பார்க்க ஆரம்பித்தோம். பஞ்சாலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி கீரை தருவாள்.

“வாங்கிக்கக்கா. ஒங்க தண்ணிதானே.”

எங்களை வேலை வாங்கும் மண்டோர் கணேசமூர்த்தியும் பார்த்தார். அவருடைய மைத்துனன் மணியம் முதல் வீட்டில் இருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, மண்டோரின் விரல் மைத்துனனைத் தாண்டி நேராகக் கடைசி வீட்டைக் காட்டியது. முருகையாவை லாரியில் ஏற்றினார்கள். பஞ்சாலை மண்ணில் புரண்டு கத்தினாள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம்.

மறுநாளே மண்டோர் கரிசனத்தைக் கொட்டினார். “தனியா இருக்கிற பொம்பள, கடேசி வீடு ஒனக்கெதுக்கு? மொத வீட்டுக்கு வந்துரு. மணியம் அங்க போய்க்குவான்.”

கடைசி வீட்டுக்குக் குடிபோனதும் மணியம் பாத்திகளைச் சுற்றி முள்வேலி போட்டான். கீரை கேட்டுப் போன இரண்டாம் வீட்டுத் தாயம்மாவை, “ஒங்கப்பன் தோட்டமா?” என்று விரட்டினான்.

அன்று மாலை பஞ்சாலை பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விடாமல் வாளியில் தூக்கி வந்து வாசல் செம்மண்ணில் கொட்டினாள். பக்கத்து வீட்டுத் தாயம்மா பார்த்தாள், அவளும் கொட்டினாள். அப்புறம் நான், அப்புறம் எல்லோரும். ஒரு வாரத்தில் கால்வாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

பூசணிக்கொடி சுருண்டதும் மணியம் பஞ்சாலையிடம் பாய்ந்து வந்தான். “தண்ணி எங்கடி?”

“வாய்க்கா வெட்டுனவரு சயாம்ல இருக்காரு. போயி அவரக் கேளு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். எங்களுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். தாயம்மா வாளியோடு நின்று, “பாத்தியா பஞ்சாலை, லயமே ஒம் பக்கந்தான்!” என்றாள்.

பஞ்சாலை தன் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். புருஷன் நட்ட கொடி செத்ததில் அவளுக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்?

“கீரை நின்னதும் எல்லாரும் வந்துட்டீங்க,” என்றாள். “லாரி வந்த அன்னிக்கு எங்க போனீங்கக்கா?”

தாயம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். நானும்தான்.