கடை திறந்த இருபத்து மூன்றாம் நாள்

ரங்கெல் மரண அறிவிப்பைக் கடைக் கதவின் கண்ணாடியில் வைத்து, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தினார். தாளில் தம்பி மெத்தோடி சிரித்துக்கொண்டிருந்தான். நேற்றுக் காலை மாவு மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவில்லை. அறிவிப்புக்கு மேலே கறுப்பு ரிப்பனையும் கட்டினார். பிழைக்க வந்தவர்கள் என்று ஸ்விஷ்டோவ் ஊர் பேசலாம். முறை தெரியாதவர்கள் என்று பேசக் கூடாது.

உள்ளே திரும்பியவர் திகைத்தார். தம்பி மனைவி ஸ்லாதினா, கறுப்பு முக்காட்டோடு, சூடான ரொட்டிகளைப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? பன்னெண்டு மணிக்கு அடக்கம். புருஷன் கோயில்ல பெட்டிக்குள்ள கெடக்கான், நீ யாவாரம் பண்றியா?"

"கடைசி மூட்டை, அத்தான். இதை வித்தாத்தான் மில்லுல அடுத்த மூட்டை கிடைக்கும். இப்ப மூடினா அப்புறம் திறக்கவே முடியாது."

"மூடினா மூடட்டும். நம்ம ஊருக்கு, த்ரோயானுக்கே வந்துடு. நம்ம வீட்டுப் பொண்ணு அந்நிய ஊர்ல தனியா நிக்கிறதா?"

"அங்க வந்து என்ன பண்ண? உங்களுக்கு சூப் காச்சிக்கிட்டு உக்காரவா?"

கதவு திறந்தது. எதிர்வீட்டுக் கினா. இருபத்து மூன்று நாளும் இந்த வாசலைத் தாண்டிப் பழைய கடைக்கே போனவள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஒரு ரொட்டியை இரு கையாலும் எடுத்தாள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

அவ்வளவுதான். காசு வைக்காமல் வெளியே போய்விட்டாள். அடுத்து இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். இறந்தவர் பேரில் தானமாகக் கொடுக்கும் ரொட்டியை அப்படித்தான் வாங்குவார்கள். கறுப்பு ரிப்பன், கறுப்பு முக்காடு, சூடான ரொட்டி. வேறு என்ன நினைப்பார்கள்?

"நீங்கதானே ஒட்டினீங்க," ஸ்லாதினா பல்லைக் கடித்தாள். "விக்கிறதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

ரங்கெல் வாயைத் திறந்தார். சொன்னால் குடும்பத்துக்கு அவமானம். சொல்லாவிட்டால் இவளுக்கு நாளைய அடுப்பு இல்லை.

"எடுத்துக்குங்க," என்றார். மானத்தைக் காத்தாரா, குடியைக் கெடுத்தாரா? அவருக்கே விளங்கவில்லை.

"தானத்துக்கு இவ்வளவு நல்ல ரொட்டியா!" ஒரு கிழவர் பிய்த்துத் தின்றார். "இது தெரியாமப் போச்சே."

"எப்படித் தெரியும்? இந்த வாசலைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவியே," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

பலகை காலியானது. கினா ரொட்டியை மென்றபடி மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பே?"

ஸ்லாதினா ரங்கெலைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு."

அது தம் குரல்தான் என்று அவருக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. எந்த மாவை வைத்து ஏழு மணி?

கோயில் மணி ஒலித்தது. ஸ்லாதினா கிளம்பவில்லை. காலிச் சாக்கை உதறி, தேறிய ஒரு பிடி மாவை, ரொட்டியைப் பொங்கவைக்க தினமும் மாவு போட்டு உயிரோடு வளர்க்கும் புளித்த மாவுச் சட்டியில் போட்டாள்.

"இதுக்குத் தீனி போடாம போக முடியாது," என்றாள், யாரிடமோ.

சட்டிக்குள் கையை விட்டுப் பிசைந்தாள். ரங்கெல் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளுடைய கறுப்புச் சட்டையின் கை மாவில் படாமல், இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.