தெளிந்த பிறகு

தன்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது லிஃப்ட்காரருக்கு ஒரு காலை, ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதுவரை அந்த வார்டின் கதவும் சுவரும் அவருக்கு ஒன்றுதான். அன்று சிஸ்டர் கதவோரப் பெட்டியில் ஏதோ எண்களை அழுத்துவதையும், அவள் வெளியே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொள்வதையும் பார்த்தார். எழுந்துபோய்க் கைப்பிடியைத் திருகினார். அசைந்து கொடுக்கவில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவர் அவர். உள்ளே அழுகிறவர்களிடம், "சம்பளத்தோட கிடைச்ச லீவுன்னு நெனச்சுக்கோங்க" என்று கிண்டலடித்தபடியே கதவை நெம்புவார். ஓய்வுக்குப் பிறகு மறதி பிடித்தது. முதலில் தெரு மறந்தது. கடைசியில் மனைவியின் முகமே மறந்துபோனது. அவள்தான் கையெழுத்துப் போட்டு அவரை இங்கே சேர்த்தாள். மறதிக்கான புது மாத்திரை ஒன்றைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் இடம் இது.

டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"என் மூளைக்கு அப்படி என்ன குடுக்கறீங்க?"

"நெருக்கடி வந்தா மூளை செல் பிரேக் போட்டுக்கும். புதுசா எதையும் தயாரிக்காது. நெருக்கடி போனதும் பிரேக்கை விடணும். உங்களுக்கு அது விடாம இறுகிப்போச்சு. மாத்திரை அதைத் தளர்த்துது."

"தளர்ந்துடுச்சே. அப்போ வீட்டுக்கு விடுங்க."

"சோதனை முடியிற வரைக்கும் இங்கதான் இருக்கணும். நடுவுல போனா மாத்திரை கிடையாது. மாத்திரை இல்லாட்டி பழைய நிலைமை திரும்பலாம்."

"எப்ப முடியும்?"

"நீட்டிச்சிருக்காங்க."

அவர் சத்தம் போட்டால் 'கிளர்ச்சி' என்று குறித்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் 'சோர்வு'. சக நோயாளி ஒருவர் ஜன்னல் கண்ணாடியை பஸ் என்று நினைத்து அதைத் தட்டித் தட்டி, "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்றார். தெளிவு இல்லாமல் இருந்தபோது இந்த அறை இவ்வளவு சிறியதாக இருந்ததில்லை.

அதனால் சிஸ்டரின் விரல்களைக் கவனித்தார். எண்களை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பதித்துக்கொண்டார். மதியம் பார்வையாளர்கள் வரும் நேரத்தில் யாரோ விட்டுப்போன கோட்டை மாட்டிக்கொண்டு, எண்களை அழுத்தி, பதற்றமில்லாமல் வெளியே நடந்தார். அவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெருமுனைகள் ஒவ்வொன்றும் தெரிந்த முகம்போல் இருந்தன. வழி தப்பாமல் வீட்டு வாசலில் போய் நின்றபோது சிரிப்பே வந்துவிட்டது.

மணியை அழுத்தினார். கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் மனைவியின் பாதி முகம்.

"நான்தான். சரியாயிட்டேன். தொறடி."

அவள் சங்கிலியில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"எப்படி வந்தீங்க? யார் விட்டாங்க?"

"யார் விடணும்? என் வீடுதானே?"

"ஏங்க..." அவள் சங்கிலியை விடவில்லை. "நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நினைவில்லை. மாத்திரை தெருவையும் முகத்தையும் திருப்பித் தந்ததே தவிர, மறதியில் கழிந்த நாட்களைத் தரவில்லை.

"என்னைத் திருடின்னு சொல்லிக் குளியலறைக்குள்ள தள்ளிப் பூட்டினீங்க. அப்படியே மறந்துட்டீங்க. நான் தட்டத் தட்ட நீங்க டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே இருந்தீங்க. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் கதவை உடைச்சார்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா?"

"நீங்கதான்."

உள்ளே அவள் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசுவது கேட்டது. அவர் எழுந்து ஓடவில்லை. இடுக்கு வழியாக ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. வாங்கிக் குடித்தார்.

ஆஸ்பத்திரி வேனில் திரும்பியதும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தார். அவளோ பூரித்துப்போனாள்.

"எண்ணைப் பார்த்தே மனசுல வச்சீங்களா? வழியும் நீங்களே கண்டுபிடிச்சீங்களா? இதுவரைக்கும் யாருமே இந்த அளவுக்குத் தேறல!" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களை நீக்கணும்னுதான் விதி. நான் பேசிக் காப்பாத்தறேன். ஆனா இனிமே உங்க அறைக்கும் பூட்டு இருக்கும்."

தேறியதற்குக் கிடைத்த பரிசு இன்னொரு பூட்டு.

சிஸ்டர் மாத்திரையை நீட்டினாள். வேண்டாம் என்றால் போதும். சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள், கதவும் திறக்கும். ஆனால் வெளியே போவது இப்போதுள்ள அவராக இருக்காது. டிவி சத்தத்தைக் கூட்டிய அந்த ஆள்தான் வீட்டுக்குப் போவான். மாத்திரையை விழுங்கினார்.

அடுத்த வாரம் மனைவி வந்தாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

"பயம் போகலியா?"

"போகல."

"சரி," என்றார்.

பிறகு அவள், "சமையலறைக் குழாய் ஒழுகுது. வாளி வச்சு வாளி வச்சு எனக்கு அலுத்துப்போச்சு," என்றாள்.

"நான் வந்து..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"நானே பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

வெறும் கையைக் காற்றில் நீட்டி, இல்லாத நட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். "மொதல்ல தண்ணியை அடைச்சுடு. அப்புறம் இப்படி. ரொம்ப இறுக்காதே, மரை போயிடும்."

அவளும் பையைக் கீழே வைத்துவிட்டு அதேபோல் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் இல்ல," என்றார் அவர். "இந்தப் பக்கம்."