கண்ணாடி இல்லாத கேமரா, வளையாத இறக்கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. மாதப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமராவைப் பத்து நாள் இரவலாகக் கொடுத்து, 'முதல் பார்வை' பகுதிக்குக் கட்டுரை கேட்டார். எடை, பிடிமானம், படத்தின் தரம், யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம். "கதை மட்டும் விட்றாதீங்க சார்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போன முறை ஒரு கேமரா முக்காலியைப் பற்றி எழுதச் சொன்னபோது அதற்கு ஒரு கல்யாணமே செய்துவைத்திருந்தேன். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஐந்தாம் நாள் என் அக்கா அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து என் மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்திலேயே என் கட்டுரை கெட்டது என்று தெரிந்துவிட்டது. இனிமேல் எடையைப் பற்றியெல்லாம் என்னால் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் வைத்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

முதலாவது: "கையில் எடுத்ததும் இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. சோப்புப் பெட்டி அளவு. சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது பாவம் அடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி அரை நாளில் கையை விரிக்கிறது." நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியருக்கும் பிடிக்கும். ஆனால் இதில் அக்கா இல்லை.

இரண்டாவது: "அக்காவும் அந்தக் கேமராவைப் போலத்தான், உருவம் சிறியது, ஆனால்" [இங்கேயே நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு ஐந்தடிகூட இல்லை. அவளுடைய அலுவலகத்தில் 'பொடிசு' என்றுதான் பெயர். அதற்காகக் கடையில் விற்கிற சாமானோடு அவளை ஒப்பிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது.]

மூன்றாவது: "சலவை ஆலையின் இஸ்திரிக் கூடத்தில், காலை பதினோரு மணிக்கு, அக்கா விசிறியை நிறுத்தச் சொன்னாள்." இதுதான் சரியான இடம். இங்கிருந்தே போகலாம். ஆனால் அதற்கு முன் கேமராவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆசிரியருக்கும் கொஞ்சம் மனசு ஆறட்டும்.

3

பழைய பெரிய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது துள்ளி எழுந்து வழிவிடும். 'டடக்' என்று கேட்குமே, அந்தச் சத்தத்தில் பாதி அதனுடையது. இந்தப் புது வகையில் கண்ணாடியே கிடையாது. மிச்சம் இருக்கிற 'டக்'கும் வேண்டாமென்றால் அதையும் நிறுத்திவிடலாம். சத்தமில்லா நிலை என்று பெயர். படம் எடுத்தது எடுத்தவருக்கே தெரியாது.

ஆனால் அந்த நிலையில் கேமரா காட்சியை ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படித்துக் கடைசி வரிக்கு வருவதற்குள், வேகமாகச் சுற்றுகிற சாமான் நகர்ந்துவிடும். ஓடுகிற விசிறியின் நேரான இறக்கை படத்தில் அரிவாளாக வளைந்து விழும்.

(அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கேயே: இது எனக்குத் தெரியும். கேமராவோடு வந்த புத்தகத்தில் படித்திருந்தேன். அக்காவுக்குத் தெரியாது. சத்தமில்லா நிலையில் வைத்தது நான்தான். தூங்கிக்கொண்டிருந்த மகளைப் படம் எடுத்துவிட்டு, பழையபடி மாற்றாமல் அக்கா கையில் கொடுத்தேன். "சத்தமே வராதுக்கா, சூப்பரா இருக்கும்" என்று பெருமை வேறு.)

4

அக்கா பாதுகாப்பு ஆய்வாளர். ஆலைகளுக்குப் போய் இயந்திரங்களைப் பார்த்து, படம் எடுத்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அலுவலகக் கேமரா பழுதுபார்க்கப் போயிருந்ததால் என்னுடையதைக் கேட்டாள்.

அன்றைக்குப் போன இடம் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் விரிப்பு துவைக்கிற ஆலை. இஸ்திரிக் கூடத்தில் உருளைகளின் சூடு முகத்தில் அறைந்தது. நடுவே மடிப்பு மேசைகள், அவற்றுக்கு நேர் மேலே ஆள் உயர இறக்கைகளோடு ஒரு பெரிய விசிறி. அக்கா கேமராவைத் தூக்கியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கேமரா என்றால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்வார்கள். இது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சரசரவென்று முப்பது படம் எடுத்தாள்.

பிறகு திரையில் பார்த்தாள். விசிறியின் இறக்கை வளைந்திருந்தது. மேசையருகே நான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உடனே படத்தைத் தன் அலுவலகத்துக்கும் ஆலையின் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினாள்: "இறக்கை வளைந்துள்ளது. உடனே நிறுத்தவும்."

விசிறி நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான்கு இறக்கைகளும் ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம் போல நேராக இருந்தன.

"எது மேடம் வளைஞ்சிருக்கு?" என்றார் ஆலை மேலாளர்.

மடிப்பு மேசையருகே நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஆலையின் எலக்ட்ரீஷியன் கேமராவை வாங்கிப் பார்த்து, "இது என்ன, பொம்மையா?" என்றான். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய், படத்துல வளைஞ்சிருக்கு. நேர்ல நேரா இருக்கு."

"ஐயோ… சத்தமில்லாம எடுத்தியாக்கா?"

"நீதானடா அப்படிக் குடுத்த?"

நான் விளக்கினேன். எதை எப்படி மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டார். ஆலை தலைமை அலுவலகத்திலிருந்து புகார் போயிருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் கையெழுத்து செல்லாதுன்னு எழுதிக் குடுத்துருவாங்க. பேசாம சரின்னு போட்டுட்டு வா."

பன்னிரண்டு வருடமாக அவள் சம்பாதித்தது அந்தக் கையெழுத்து ஒன்றைத்தான்.

5

[இந்த இடத்தில் மேலாளரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மீசை, மோதிரம், மேசையில் ஓங்கி அடிக்கிற கை. அக்கா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு கெட்டவரு இல்லடா. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு எண்ணூறு விரிப்பு போகணும் அவருக்கு. எனக்கு டீ கூட வாங்கிக் குடுத்தாரு." மீசையை மழித்துவிட்டேன்.]

தன் தவறை அறிக்கையில் திருத்த அக்காவுக்கு ஒரு நேரான படம் தேவைப்பட்டது. ஏணி போடச் சொன்னாள். எலக்ட்ரீஷியன் முனகிக்கொண்டே போட்டான். கேமராவை மாற்றிவைத்து, நின்ற விசிறிக்குப் பக்கத்தில் போய் எடுத்தாள். டக். இந்த முறை சத்தம் வந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். ஓர் இறக்கை மோட்டாரோடு சேரும் இடத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. சலவை ஆலையில் நூலும் பஞ்சும் எங்கும் ஒட்டும், அதிசயமில்லை. விரலால் துடைத்தாள். போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தாள். நகம் மாட்டியது.

விரிசல் என்று அவளுக்குப் பட்டது. அவள் பயந்தாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். விரிசலைப் பார்த்துப் பயந்ததைவிட, கீழே இறங்கிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்றுதான் அதிகம் பயந்தாள்.

"சார், ஃபேன் ஓடக்கூடாது. றெக்கை அடில விரிசல் இருக்கு."

"மேடம், காலைல வளைஞ்சிருக்குன்னீங்க. இப்ப விரிசல்ங்கறீங்க. அடுத்தது பறந்துபோச்சும்பீங்களா?"

கூடமே சிரித்தது.

"காலைல சொன்னது தப்பு. இது தப்பில்ல. ஏறி நகத்த வெச்சுப் பாருங்க."

மேலாளர் ஏறவில்லை. எலக்ட்ரீஷியன் ஏறினான், பார்த்தான், இறங்கினான். "பெயின்ட் கோடா இருக்கும் சார். விரிசலாவும் இருக்கலாம்," என்றான். அவன் வேலையும் அவனுக்கு வேண்டும்.

6

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓடக்கூடாத இயந்திரத்தின் சுவிட்சுப் பெட்டியில் ஆய்வாளர் தன் சொந்தப் பூட்டைப் போடலாம். சாவி அவரிடம் மட்டும். அவர் திறக்காமல் வேறு யார் அந்தப் பூட்டைத் தொட்டாலும் வேலை போகும். ஆனால் காரணமில்லாமல் பூட்டினால் பூட்டியவர் வேலை போகும்.

அக்கா பையிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்துச் சுவிட்சுப் பெட்டியில் மாட்டி அழுத்தினாள்.

மேலாளர் போன் பேச வெளியே போனார். மடிப்பு மேசைப் பெண்தான் பேசினாள். காலையில் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை.

"நீங்க பூட்டிட்டுக் கெளம்பிருவீங்க. இந்த வெக்கைல வேகறது நாங்க. நாலு வருஷமா எங்க தலைக்கு மேல சுத்துது, ஒண்ணும் ஆகல."

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

அக்கா பையை ஓரமாக வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையின் மறுமுனையில் போய் நின்று விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தாள். வேலை முடியும் மணி அடிக்கும்வரை மடித்தாள். அவள் மடித்ததையெல்லாம் அந்தப் பெண் பிரித்து மறுபடி மடித்தாள். "உங்களால எங்களுக்கு ரெட்டை வேலை," என்று கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தாள்.

போகும் முன் அக்கா அறிக்கை எழுதினாள். "முதல் படம் தவறு. எடுத்தது நான். இரண்டாவது படம் சரி. எடுத்தது நான். விசிறி ஓடக்கூடாது." கீழே கையெழுத்து, முழுசாக.

7

இந்தக் கதையின் முந்தைய வடிவத்தில் காலைத் தவறு இல்லை. அக்கா நேராக வருகிறாள், விரிசலைக் கண்டுபிடிக்கிறாள், பூட்டுகிறாள். என் பங்கும் அதில் காணாமல் போயிருந்தது, வசதியாக. அக்கா காகிதத்தை என் மடியில் எறிந்தாள்.

"தப்ப ஏன்டா கதைலேர்ந்து எடுத்த?"

"நீ நல்லாத் தெரியணும்னுதான்."

"அசிங்கப்பட்டதுக்கு அப்புறமும் சொன்னேன் பாரு, அதுதான்டா நான். அதை எடுத்துட்டா மிச்சம் யாரு? போடு. நீ மாத்தாமக் குடுத்ததையும் சேத்துப் போடு."

போட்டுவிட்டேன்.

8

ஆசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கேமரா நல்லதா கெட்டதா, அதையே சொல்லலியே சார்?"

"நல்ல கேமரா. சொன்னதைக் கேக்கும். என்ன சொல்றோம்னு நமக்குத் தெரியணும்."

"சரி, கதைன்னே வெச்சுக்குவோம். அப்புறம் என்ன ஆச்சு? றெக்கை உடைஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப அது பெயின்ட் கோடா?"

"தெரியாது."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் வேறு விசிறி வந்தது. பழையதைச் சோதித்துப் பார்க்க அக்கா கேட்டாள். அதற்குள் அது பழைய இரும்போடு வண்டியேறிவிட்டது. அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது, முதல் படத்துக்கு விளக்கம் கேட்டு. இரண்டாவது படத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து இன்னும் செல்லுகிறது, எத்தனை நாளைக்கு என்று அவளுக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

"இதுல முடிவே இல்லியே," என்றார் ஆசிரியர். "பூட்டை யாரோ உடைச்சு ஓட்டிர்றாங்கன்னு வைங்க. றெக்கை பிச்சுக்குது. உங்க அக்கா சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரியுது. வாசகர் அழுதுருவாங்க."

எழுதிப் பார்க்காமல் இல்லை. அரைப் பக்கம் வந்தேன். "பூட்டு உடைந்தது. விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்து, நடு மேசையில் நின்ற" [இல்லை. முடியாது.]

ஓடாத விசிறி உடையாது. அக்காவின் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. நடக்காததற்குப் படம் கிடையாது, சாட்சி கிடையாது, எந்தக் கேமராவுக்கும் அது அகப்படாது. அவள் சரி என்று நிரூபிக்க எனக்கு ஒரு பெண்ணின் மண்டை தேவைப்படுகிறது என்றால், அப்படிப்பட்ட நிரூபணம் எனக்கு வேண்டாம். பத்திரிகையில் வராவிட்டால் போகட்டும். முடிவில்லாத கதை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். என் அக்கா பூட்டியதை நான் திறக்க மாட்டேன்.

உங்களுக்கும் தெரிந்துதான் ஆக வேண்டுமா? கோடா விரிசலா என்று பார்த்தே தீர வேண்டுமா? சரி, ஓட்டிப் பாருங்கள். இது கதைதானே, பூட்டை உடைக்க ஒரு வரி போதும். கூடம் சூடாகவே இருக்கிறது, விரிப்புகள் குவிந்திருக்கின்றன, விசிறிக்கு நேர் கீழே அந்த நடு மேசை காலியாக இருக்கிறது. அங்கே ஆள் நிற்காமல் வேலை நடக்காது. யாரை நிறுத்துவது என்று நான் எழுதப் போவதில்லை. ஓட்டச் சொல்கிறவர் நீங்கள். பேரையும் நீங்களே எழுதுங்கள்.