ஞாயிற்றுக்கிழமை வந்த மிஷின்

ஐப்பசி மூன்றாவது வாரம். மானூர்ப் பக்கத்துக் கரிசலில் கொண்டைக்கடலை விதைக்க ஈரம் சரியாக இருந்தது. விதையையும், அதற்கு நாலு விரற்கடை கீழே மணிச்சத்து உரத்தையும் ஒரே ஓட்டத்தில் போடும் வாடகை மிஷின் ஊருக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை.

சத்தியநேசன் கோயில் ஆராதனைக்குப் புறப்பட்டு நின்றார். "நாளைக்குப் பாப்போம். ஓய்வுநாள்ல நம்ம வயல்ல மண்ணு புரளக் கூடாது."

மகன் எஸ்றா சென்னை வேலையை விட்டு வந்து ஏழு மாதம். ஒரே ஒரு வெள்ளாமை. தேறினால் ஊரிலேயே இருப்பது, இல்லையென்றால் திரும்பிப் போவது என்று சொல்லியிருந்தான்.

"மேல்மண்ணு காஞ்சா வேரு கீழ போயிரும்பா. கையால வீசுனா உரம் மேல கெடந்து என்ன செய்ய?"

அடுத்த வயல் தாணுமாலையன் மிஷினைத் தன் நிலத்தில் இறக்கினார். "வே சத்தியநேசன், ஒம்ம கர்த்தர் ஒரு பொழுது கண்ண மூடிக்கிட மாட்டாராவே?"

"அவரு மூடுவாரு. நான் மூடணுமே."

திங்கட்கிழமை விடியுமுன் மிஷின் கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டது. திரும்பப் பத்து நாளாகும் என்றார்கள். ஈரம் அதுவரை நிற்காது. கலப்பைச் சாலில் விதையைப் போட்டு, உரத்தைக் கையால் மேலே வீசினார்கள். 

அதற்குப் பிறகு மழையே இல்லை. தை பிறந்தபோது தாணுமாலையன் வயலில் கிளைக்குக் கிளை காய். இவர்கள் செடி ஒரு சாண். பாதிக் காய் பருப்பில்லாத பொக்கு.

சத்தியநேசன் ஒரு செடியைத் தோண்டினார். வேர் ஈரத்தைத் தேடி வெகு ஆழம் போயிருந்தது. உரக் குருணை போட்டது போட்டபடி மேல்மண்ணிலேயே சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"என்னை ரெண்டு வார்த்த ஏசேன்லே."

"என்னத்துக்குப்பா? மழை பெஞ்சிருந்தா இதுவும் தேறியிருக்கும்."

அது உண்மைதான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் இவரும் சத்தம் போட்டிருப்பார். அந்தச் சண்டை தீரும்வரையாவது பையன் இருந்திருப்பான்.

கடலையை அடித்துத் தூற்றிய மறுநாள் எஸ்றா பையைத் தூக்கினான். பஸ் நிறுத்தம்வரை அவரும் கூடவே நடந்தார். போகாதே என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. ரயில் ஜங்ஷனுக்குப் போகும் பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"கிறிஸ்மஸுக்கு லீவு போட்டு வாரேன்பா."

விருந்தாளியிடம் விசாரிப்பதுபோல் அவர் கேட்டார்: "எத்தன நாளு கெடைக்கும்லே?"